கரண்ட் இல்லாத மத்தியானம்: காங்கேசன்துறையில் வெக்கையைக் கடப்பது

ஆண்டுதோறும் ஏப்ரல் 5ஆம் திகதியளவில் இலங்கையின் தென்கரைக்கு நேர் மேலே வரும் சூரியன், ஏறத்தாழப் பத்து நாட்களில் நாடு முழுவதையும் கடந்து வடகரைக்கு வந்துவிடும். காங்கேசன்துறைக்கு அது சித்திரைப் புத்தாண்டு நேரம். நண்பகல் 12 மணி கடந்து ஏறத்தாழப் பத்து நிமிடத்தில், முற்றத்தில் நட்ட கம்பின் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். வாடைக்காற்று ஓய்ந்து, சோளகம் இன்னும் பிடிக்காத இடைக்காலமும் அதுதான். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் வேப்பிலை அசையாது. அந்த நேரத்தில் மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி மெல்ல நின்றுபோகிறது. கரண்ட் போய்விட்டது.

அடுத்து என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னர், எங்கள் பக்கத்தில் எவரிடம் வெக்கையைப் பற்றிக் கதைத்தாலும் வரும் ஒரு பதிலைப் பார்க்க வேண்டியிருக்கிறது. "தொண்ணூறுகளில கரண்டே இல்லை. அப்பவும் இருந்தனாங்கள்தானே?"

உண்மைதான். 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்ட பின்னர் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் தடை, பற்றரி தடை. ஜாம் போத்தல் விளக்கில் ஒரு தலைமுறை படித்துச் சோதனை எழுதியது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். மின்விசிறி என்ற ஒன்று வீட்டு முகட்டில் சிலந்தி வலை கட்டிக்கொண்டு சும்மா தொங்கியது. ஆனால் அந்த நினைவை இன்றைய வெக்கைக்கு ஆறுதலாக எடுத்துக்கொள்வது ஆபத்தானது. அன்று மின்சாரம் இல்லாமல் இருந்த வீடு வேறு, காணி வேறு, உடம்பும் வேறு.

முதலில் உடம்பு. 1990இல் முப்பது வயதில் பெட்டி படுக்கையோடு வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டவருக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது. வயது ஏற ஏற வியர்வை குறையும், தாகம் எடுப்பது பிந்தும், இருதயம் தோலுக்கு இரத்தத்தை வேகமாக அனுப்பத் திணறும். சலரோகமும் பிறசரும் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை.

பிறகு வீடு. சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக்கூரை, நடுவே வானம் பார்த்த முற்றம் வைத்த நாற்சார வீடுகள் மின்விசிறியை நம்பிக் கட்டப்பட்டவை அல்ல. வெப்பக்காற்று முற்றத்தால் மேலே போக, திண்ணைப் பக்கத்தால் குளிர்ந்த காற்று உள்ளே வரும். ஏழை வீட்டிலும் கிடுகுக் கூரையும் சாணி மெழுகிய தரையும் இருந்தன. உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த அந்த வீடுகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. இரண்டு தசாப்தங்களுக்கு மேல் நலன்புரி முகாம்களில் இருந்துவிட்டு, 2010க்குப் பின்னர் கட்டங்கட்டமாக விடப்பட்ட காணிகளுக்குத் திரும்பியவர்கள், கையில் கிடைத்த உதவிப் பணத்தில் கட்டியவை சீமெந்துக் கல் வீடுகள். சிலவற்றுக்கு ஓடு, சிலவற்றுக்கு அஸ்பெஸ்ரஸ் ஷீற், தற்காலிகக் கொட்டில்களுக்குத் தகரம். பல காணிகளில் பற்றையை பெக்கோ விட்டுத் துப்புரவாக்கியபோது நின்ற மரங்களும் சேர்ந்து போயின. பனைகள் போர்க்காலத்திலேயே காவலரணுக்கும் பதுங்குகுழிக்கும் தறிக்கப்பட்டவை. ஆக, நிழல் இல்லாத காணியில், காற்று நுழையாத வீட்டில், வயதான உடம்பு. அன்று எங்களிடம் இருந்த "கரண்ட் தேவைப்படாத குளிர்ச்சி" போய், அந்த வேலை முழுவதும் ஒரு மின்விசிறியின் தலையில் விழுந்திருக்கிறது.

இதை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2015, 2016 காலத்தில் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகளைப் பொருத்திக் கொடுக்கும் திட்டம் ஒன்று வந்தது. ஆர்செலர் மிட்டல் நிறுவனம், ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அப்போது பொறியியலாளர்களும் கட்டடக்கலையாளர்களும் மக்கள் பிரதிநிதிகளும் எழுப்பிய முதன்மையான ஆட்சேபங்களில் ஒன்று, இந்த வெயிலுக்கு உருக்குச் சுவர் சரிவராது என்பது. திட்டம் பெருமளவில் கைவிடப்பட்டது. அந்தச் சண்டையில் வென்றது பொதுப்புத்தி என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு நாங்களாகக் கட்டும் வீடுகளில் அதே கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டோம்.

சரி, கரண்ட் போய்விட்டது. 2022 மார்ச் 31இல் நாடு முழுவதும் 13 மணிநேர மின்வெட்டு அமுலானதை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடே இருண்டது. அங்கே குரங்கு பாய, இங்கே எங்கள் மின்விசிறி நின்றது. இப்படிப் பெரியவை அரிது. வழமையானவை கம்பியில் விழும் கொப்பு, பழுதாகும் மாற்றி, திருத்த வேலைக்கான அறிவிக்கப்பட்ட தடை. மின்சார சபையின் 1987க்கு அழைத்தால் எவ்வளவு நேரம் என்று ஓரளவு தெரியவரும். ஒரு மணிநேரம் என்றால் வீட்டுக்குள் சமாளிக்கலாம். மாலை வரை என்றால் திட்டம் வேறு.

எவ்வளவு வெக்கை என்பதை வெப்பமானி மட்டும் சொல்லாது. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப அறிவுறுத்தலில் "மனித உடல் உணரும் வெப்பம்" என்ற கணக்கையும் சொல்வது இதனால்தான். காற்றின் வெப்பநிலை 32 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 70 சதவீதம் என்றால், உடம்பு உணர்வது 40 பாகைக்குக் கிட்ட. காங்கேசன்துறைக் கரையில் எங்கள் பிரச்சினை பெரும்பாலும் இந்த ஈரம்தான். வட இந்தியாவில் போல 45 பாகை இங்கே அடிப்பதில்லை. ஆனால் கடற்கரையின் ஈரக்காற்றில் வியர்வை காயாது. தோலில் வழிந்து நிலத்தில் விழும். வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை. காய்வதால்தான் குளிர்கிறது.

மின்விசிறி செய்வதும் அதையேதான்: அது அறையைக் குளிர்விப்பதில்லை, தோலில் உள்ள ஈரத்தைக் காய வைக்கிறது. ஆகவே அது நின்றால் நாங்கள் செய்ய வேண்டியவை இரண்டு. தோலை நாங்களே நனைக்க வேண்டும், காற்றை நாங்களே அசைக்க வேண்டும். பருத்திச் சட்டையை அல்லது சாரத்தை நனைத்துப் பிழிந்து அப்படியே உடுத்திக்கொண்டு, பனையோலை விசிறியால் விசுக்கினால், உடம்பு தன் தண்ணீரைச் செலவழிக்காமல் சட்டையின் தண்ணீரைச் செலவழிக்கும். சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சோதித்துச் சொல்வதும் இதுதான்: கையையும் காலையும் முகத்தையும் நனைத்துக்கொண்டே இருப்பது குளிரூட்டி இல்லாதவர்களுக்குள்ள நல்ல வழிகளில் ஒன்று. பாதங்களைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு இருப்பதும் உதவும். அப்பு ஆச்சிமார் தோளில் ஈரத்துவாய் போட்டுக்கொண்டு திண்ணையில் இருந்ததற்குக் காரணம் உண்டு. கரண்ட் இருக்கும் போதும் நனைந்த துணியோடு மின்விசிறியின் கீழ் இருப்பது இரட்டிப்புப் பலன். காற்றே 40 பாகை தாண்டிவிட்டால் மின்விசிறி சூட்டைத்தான் அள்ளி அடிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. தகரக் கொட்டிலின் உள்ளே மத்தியானம் அந்த எல்லை வரக்கூடும் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தண்ணீரில்தான் ஒரு பொறி இருக்கிறது. கரண்ட் போனால் மோட்டரும் போகும். கூரைக்கு மேலே கறுப்புத் தாங்கியில் இருக்கும் தண்ணீர் மத்தியானத்தில் தேத்தண்ணீர் போடலாம் என்கிற சூட்டில் வரும். அதே நேரம் கிணற்றின் அடியில் உள்ள தண்ணீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 28 பாகையில் நிற்கிறது. எங்கள் சுண்ணக்கல் நிலம் கொடுத்த குளிர்சாதனம் அது. மோட்டர் பூட்டிய பிறகு வாளியையும் கயிற்றையும் கப்பியையும் கழற்றி எறிந்த வீடுகள் நிறைய. அவற்றைத் திரும்பப் பூட்டுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரேயொரு காரியத்தைச் செய்வதானால் அதைச் செய்யுங்கள் என்பேன். தனியாக இருக்கும் முதியவரால் அள்ள முடியாது என்பதால், வெயில் நாட்களில் காலையிலேயே இரண்டு பெரிய வாளி நிறைத்து நிழலில் மூடி வைப்பது நல்லது. திறந்து வைத்தால் டெங்கு நுளம்புக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

வீட்டுக்குள் இருப்பதா, வெளியே வருவதா என்பது கூரையைப் பொறுத்தது. தகரமும் அஸ்பெஸ்ரஸும் வெயில் ஏறியவுடன் சுடும், பொழுதுபட்டவுடன் ஆறும். அப்படிப்பட்ட வீட்டில் காலை பத்தரை தொடக்கம் நாலு மணி வரை உள்ளே இருப்பதைவிட மரத்தின் கீழ் இருப்பது பாதுகாப்பானது. பக்கத்துக் காணி வேம்பு, கோயில் மண்டபம், வாசிகசாலை, எதுவானாலும். இந்த வீட்டில் எல்லாக் கதவு சன்னலையும் திறந்து வைக்க வேண்டும். கொங்கிறீற் பிளாட் போட்ட வீட்டின் கதை எதிர்மாறானது. பகலில் மெல்லத்தான் சூடேறும், ஆனால் குடித்த வெயிலை இரவு முழுவதும் கக்கும். இங்கே பகலில் வெயில் படும் பக்கத்துச் சன்னலை மூடித் திரை போட்டு, மாலையில் வெளியே ஆறிய பிறகு திறக்க வேண்டும். பொழுதுபட பிளாட்டில் நாலைந்து வாளி தண்ணீர் ஊற்றினால் இரவு வித்தியாசம் தெரியும், கிணறு இடம் கொடுத்தால். மேற்குச் சுவருக்கு வெளியே கிடுகை ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டித் தொங்கவிடுவது, திரைச்சீலையைவிடப் பல மடங்கு வேலை செய்யும். வெயிலைச் சுவரில் படமுதல் மறிக்க வேண்டும்; பட்ட பிறகு உள்ளே திரை போட்டு என்ன பயன்?

இரவில் சன்னலைத் திறந்துவிட்டுப் படுங்கள் என்று எழுதுவது லேசு. 2011இல் கிறீஸ் பூதம் என்று ஊரே நடுங்கிய இரவுகளையும், அதற்குப் பின் வந்த வாள்வெட்டுக் காலங்களையும் கண்ட பெண்கள், அதுவும் ஆண் துணை இல்லாமல் பிள்ளைகளோடு இருப்பவர்கள், கதவைப் பூட்டிச் சன்னலையும் அடைத்துக்கொண்டுதான் படுப்பார்கள். அந்தப் பயத்தை அறிவுரை போக்காது. சன்னலுக்கு இரும்புக் கம்பியும் நுளம்பு வலையும் போடுவது வீட்டைக் குளிர்விக்கும் செலவாகவே கணக்கெடுக்கப்பட வேண்டும். வீட்டுத்திட்டங்கள் அப்படிக் கணக்கெடுத்தால் நல்லது. அதுவரை இரண்டு மூன்று வீட்டுப் பெண்கள் ஒரு வீட்டு விறாந்தையில் ஒன்றாகப் படுப்பது முகாம்களில் பழகிய வழக்கம்தான். சூடான இரவு பகலைவிடக் கெட்டது. உடம்பு ஆறுவதற்குக் கிடைக்கும் ஒரே இடைவேளை அது. போர் தந்த கெட்ட கனவுகளோடும் பதற்றத்தோடும் வாழ்பவர்களுக்கு நித்திரை குழம்பினால் மற்றதெல்லாமும் குழம்பும்.

வெயில் எல்லோரையும் ஒரே மாதிரித் தாக்குவதில்லை என்று சொல்லும்போது, பொது அறிவுறுத்தல்களில் வழமையாக வருவது முதியவர், குழந்தை, கர்ப்பிணி. எங்கள் ஊரில் அந்தப் பட்டியல் நீளமானது. முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்பின் கீழ் இயங்காதவர்களுக்கு, காயம் பட்ட இடத்துக்குக் கீழே வியர்ப்பது குறைந்துவிடும் அல்லது நின்றே போகும். அதாவது அவர்களுடைய குளிர்சாதனத்தில் பாதிக்கு மேல் வேலை செய்வதில்லை. மற்றவர்கள் "வெக்கையாக் கிடக்கு" என்று அலுத்துக்கொள்ளும் வெப்பத்திலேயே அவர்களின் உடற்சூடு ஏறத் தொடங்கும். தாகம் வரும்வரை காத்திராமல், வியர்க்காத பகுதியை ஈரத்துணியால் நேரத்துக்கு நேரம் துடைத்துவிட வேண்டும். சக்கர நாற்காலியின் ரெக்சின் இருக்கையும் முதுகும் வெக்கையைப் பிடித்து வைக்கும். படுக்கைப்புண் உள்ளவர்களுக்கு அது இன்னொரு தொல்லை. காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக்காலின் குழிக்குள் வியர்வை தேங்கித் தோல் அவியும். மத்தியானத்தில் அதைக் கழற்றி, தோலைக் கழுவித் துடைத்து, உலர்ந்த உறை மாற்றுவது சோம்பல் அல்ல, வைத்தியம். உடற்பரப்பு குறைந்திருப்பதால் அவர்களுக்கு வெப்பத்தை வெளியேற்ற இடமும் குறைவு.

மருந்துகளையும் கவனிக்க வேண்டும். மனநலச் சிகிச்சையில் கொடுக்கப்படும் சில குளிசைகள் வியர்வையையும் தாகத்தையும் குறைக்கும். பிறசருக்கும் இருதயத்துக்கும் கொடுக்கும், சலம் போக வைக்கும் குளிசைகள் உடம்பின் தண்ணீரை இறக்கும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை கிளினிக்குக்கு அடுத்த முறை போகும்போது "வெயில் காலத்துக்கு இதை மாற்ற வேணுமோ" என்று கேட்டால் போதும்.

இன்சுலின் வைத்திருப்பவர்களுக்குக் கரண்ட் போனவுடன் பதகளிப்பு வரும். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் விட்டால் ஏறத்தாழ நாலு மணிநேரம் குளிர் நிற்கும். பாவித்துக்கொண்டிருக்கும் குப்பி பொதுவாக 30 பாகைக்குள் நாலு கிழமை வரை தாங்கும். அதைவிட நீண்ட தடைக்கு, பெரிய மண்சட்டிக்குள் ஈரமணல் போட்டு அதற்குள் சின்ன முட்டியை இறக்கி, குப்பியைப் பொலித்தீன் பையில் கட்டி உள்ளே வைத்து, ஈரச்சாக்கால் மூடி, நிழலில் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். கடற்கரை ஈரத்தில் சட்டி பெரிதாகக் குளிராது என்றாலும் சூடேறாமல் காக்கும். எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் கென்யாவின் தடாப் அகதிமுகாமின் வெப்பநிலையை வைத்துச் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், 25க்கும் 37க்கும் இடையில் ஏறி இறங்கிய வெப்பத்தில் நாலு கிழமை இருந்த இன்சுலின் பழுதாகவில்லை என்று கண்டார்கள். ஆகவே ஒரு நாள் கரண்ட் போனதற்காக ஊசியைத் தவறவிட வேண்டாம். வெயில் நேரே பட்ட குப்பி, கட்டி பட்ட குப்பி, உறைந்து போன குப்பி இவற்றை மட்டும் பாவிக்கக் கூடாது.

குடிப்பதற்கு எங்கள் ஊரில் குறைவில்லை. பழஞ்சோற்றுத் தண்ணியில் மோரும் வெங்காயமும் உப்பும் சேர்த்துக் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனவர்கள், இழந்த உப்பையும் தண்ணீரையும் ஒன்றாகவே நிரப்பினார்கள். நுங்கு, இளநீர், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், வத்தகைப்பழம், எல்லாம் நல்லவை. நாள் முழுக்க வியர்த்தவருக்கு வெறும் தண்ணீர் மட்டும் போதாது. ஜீவனி பக்கற் இல்லாவிட்டால், ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் கேடு. சிறுநீரக நோயாளருக்கும், தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்கள் வைத்தியர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும். கள்ளு உடம்பைக் குளிர்விக்கும் என்பார்கள். வாயைக் குளிர்விக்கும் அவ்வளவுதான், சலத்தோடு தண்ணீரைக் கூடவே கொண்டுபோய்விடும்.

தலையிடி, தசைப்பிடிப்பு, வாந்தி, ஈரமான குளிர்ந்த தோல், கடும் களைப்பு, இவை வெப்பக்களைப்பின் அறிகுறிகள். நிழல், ஈரத்துணி, ஜீவனி, ஓய்வு கொடுத்தால் ஒரு மணிநேரத்துக்குள் தேற வேண்டும். ஆனால் ஒருவர் பிதற்றத் தொடங்கினால், தள்ளாடினால், வலித்தால், மயங்கினால் அது வெப்ப அதிர்ச்சி. உடற்சூடு 40 பாகையைத் தாண்டியிருக்கும். அந்த நேரத்துப் பிதற்றலை "பழையதை நினைச்சுக் கதைக்கிறார்" என்றோ குடிவெறி என்றோ விட்டுவிடக் கூடாது. பனடோல் வேலை செய்யாது, ஏனென்றால் இது காய்ச்சல் அல்ல. கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்திலும் கமக்கட்டிலும் கவட்டிலும் வையுங்கள். நினைவில்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. ஒருவர் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் அம்புலன்சைக் கூப்பிட வேண்டும். 2018 ஆடியில் வடக்குக்கு வந்த சுவசெரிய இலவச அம்புலன்சின் இலக்கம் 1990. வலிகாமம் வடக்கு ஆட்களுக்கு அந்த எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்லத் தேவையில்லை.

இதையெல்லாம் செய்ய வீட்டில் இரண்டாவது ஆள் ஒருவர் வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2021 ஆனிக் கடைசியில் வந்த வெப்ப அலையில் 619 பேர் இறந்தார்கள். மிகப் பெரும்பாலானோர் வீட்டுக்குள்ளேயே, பாதிக்கு மேற்பட்டோர் தனியாக வாழ்ந்தவர்கள், மூன்றில் இரண்டு பங்கினர் 70 வயதைத் தாண்டியவர்கள். உதவி கிடைக்கக்கூடிய செல்வந்த நாட்டிலேயே அப்படி. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்க, வீடும் காணியும் திரும்பக் கிடைத்ததே என்று தனியாக வந்து குடியிருக்கும் அம்மா அப்பாமார் எங்கள் கரையில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டில் இருந்து இதை வாசிப்பவர்கள் ஒன்று செய்யலாம். எடுப்பது வழமையான இரவு அழைப்பாக இருக்கட்டும். அதோடு சித்திரை, வைகாசியில் இலங்கை நேரம் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு அழைப்பு. "சாப்பிட்டீங்களோ" என்பதற்குப் பதிலாக "கடைசியா எப்ப சலம் போனீங்கள், என்ன நிறம்" என்று கேளுங்கள். அம்மா வெட்கப்படுவா, ஆனால் பதில் சொல்லுவா. கடும் மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை. அழைப்பு எடுபடாவிட்டால் போய்ப் பார்க்கக்கூடிய அயலவர் ஒருவரின் தொலைபேசி இலக்கம் உங்களிடம் இருக்க வேண்டும். ரீசார்ஜ் செய்யக்கூடிய மின்விசிறி ஒன்றை வாங்கிக் கொடுப்பதும் நல்லதுதான்; அதைச் சார்ஜில் போட்டு வைக்க யாராவது நினைவுபடுத்த வேண்டும். ஜெனரேற்றர் வாங்கிக் கொடுத்திருந்தால், அதை விறாந்தையில்கூட ஓடவிடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். அதன் புகையில் மணமில்லாத நஞ்சு இருக்கிறது.

கூரை விடயம் ஒன்று பாக்கி. இந்தியாவின் அகமதாபாத் நகரம் 2010 வெப்ப அலைக்குப் பின் 2013இல் வெப்பச் செயற்றிட்டம் ஒன்றைத் தொடங்கி, பின்னர் ஏழைக் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலையையும் அதில் சேர்த்தது. வெள்ளைக் கூரை வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். பிளாட் என்றால் சுண்ணாம்பே போதும், இரண்டு பூச்சு. தகரத்தில் சுண்ணாம்பு நிற்காது, வெள்ளை மைதான் பூச வேண்டும். அஸ்பெஸ்ரஸ் ஷீற்றைச் சுரண்டவோ காய்ந்தபடி தேய்க்கவோ கூடாது, அதன் தூள் சுவாசப்பைக்குக் கேடு. ஈரமாகக் கழுவிவிட்டுப் பூசலாம். மாசிக் கடைசியில் செய்தால் சித்திரைக்குப் பலன் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுண்ணாம்பு கரையும் என்பதால் ஒவ்வொரு வருடமும் அடிக்க வேண்டிவரும். அந்தக் கூரையில் மழைத்தண்ணீர் பிடிப்பவர்கள் முதல் இரண்டு மழையின் தண்ணீரைத் தாங்கிக்குள் விடாமல் வாழைக்குத் திருப்பிவிடுங்கள்.